அரிப்பிலிருந்து சிலாவத்துறை வரை: கடலோரமாக ஒரு காலை நடை

 

விடுமுறை வந்தால் எமது பிள்ளைகளை வேன் பிடித்து நுவரெலியாவுக்கும் எல்லைக்கும் கூட்டிப் போகிறோம். போக வேண்டியதுதான், மலையும் குளிரும் பிள்ளைகளுக்குப் புதிது. ஆனால் வீட்டு வாசலிலிருந்து கிட்டத்தில், செலவே இல்லாமல், ஒரு காலைப் பொழுதில் நடந்து முடிக்கக்கூடிய பாதை ஒன்று எமது முசலிக் கரையில் இருக்கிறது. மலை ஏறத் தேவையில்லை, காட்டுக்குள் போகத் தேவையில்லை. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் பற்றைக்காடும் வெளியும். வழியில் 350 வருடத்துச் சரித்திரம். அதில் ஒரு பகுதி வருடா வருடம் கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

■ எப்போது, எப்படி

மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. வாடைக்காற்று ஓய்ந்து, சோளகக்காற்று தொடங்குவதற்கு முந்திய இடைவெளி அது. கடல் குளம் போலக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு தென்மேல் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், சிறுபிள்ளைகளால் நடக்க முடியாது. இந்த மாதக் கணக்கை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் சிலாவத்துறைக்கு வந்துவிடலாம். நின்று பார்த்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, சாவகாசமாக நடந்தால் மூன்று மணித்தியாலம் போதும். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், தலைக்குத் தொப்பி, காலுக்கு முள் ஏறாத செருப்பு அல்லது சப்பாத்து. நடுவில் கடை கிடையாது, நிழலும் குறைவு. வயதானவர்களும் கைக்குழந்தையுடன் வருபவர்களும் ஓட்டோவில் ஒவ்வோர் இடமாக இறங்கிப் பார்க்கலாம், தார் வீதி தூரத்தில் இல்லை.

■ முதலாவது இடம்: அரிப்புக் கோட்டை

அருவியாறு கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட இருக்கும் ஊர் அரிப்பு. அநுராதபுரத்தைத் தொட்டு வரும் மல்வத்து ஓயாதான் எமது பக்கத்தில் அருவியாறு. கத்தோலிக்கத் தமிழர்கள் வாழும் பழைய ஊர். தேவாலயத்துக்குப் பக்கத்தில் சிறிய சதுரமான கோட்டை ஒன்று நிற்கிறது. மன்னார்க் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு வீட்டு வளவு போலத்தான் தெரியும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள், நடுவே இடிந்த சுவர்கள், அவ்வளவுதான். போர்த்துக்கேயர் 1560 இல் மன்னாரைப் பிடித்தார்கள். 1658 இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது, அதோடு அரிப்பும் போனது. பின்னால் வந்த ஆங்கிலேயர் இதை வாடிவீடாகப் பாவித்தார்கள்.

இவ்வளவு சின்னக் கோட்டைக்கு இங்கே என்ன வேலை? எதிரே உள்ள கடலைப் பாருங்கள், விடை அதில் கிடக்கிறது. கரையிலிருந்து மேற்கே, ஆழம் குறைந்த கடலடியில், முத்துச்சிப்பி விளையும் பார்கள் இருந்தன. அவற்றைக் காவல் காக்கவும், முத்துக் குளிக்கும் காலத்தில் கணக்குப் பார்க்கவும் கரையில் ஒரு நிலையம் தேவைப்பட்டது. பெரிய யுத்தத்துக்காகக் கட்டப்பட்ட கோட்டை அல்ல இது. காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்த காவல் என்று சொல்லலாம்.

இந்தக் கோட்டை வாசலுக்கு 1679 ஒக்டோபர் 18 ஆம் திகதி பின்னேரம் இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் றொபேர்ட் நொக்ஸ், மற்றவர் ஸ்டீபன் ரட்லண்ட். 1660 இல் கொட்டியாரக் குடாவில் கப்பல் திருத்த ஒதுங்கியபோது கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டவர்கள். 19 வருடங்களுக்கு மேலாக மலைநாட்டில் கைதிகளாக வாழ்ந்தார்கள். சிறையில் அடைக்கவில்லை, ஆனால் ஊரை விட்டுப் போகவும் விடவில்லை. நொக்ஸ் தொப்பி பின்னினார், நெல் வட்டிக்குக் கொடுத்தார், பிறகு ஊர் ஊராகச் சாமான் விற்கும் வியாபாரியாக அலைந்தார். அந்த வியாபாரத்தையே சாட்டாக வைத்து வடக்கே வந்து வழி தேடினார். கடைசியில் அநுராதபுரப் பக்கத்திலிருந்து இந்த ஆற்றையே வழிகாட்டியாக வைத்து, காட்டுக்குள்ளாலும் யானைகளுக்கு நடுவாலும் நடந்து, ஆறு முடியும் இடத்தில் ஒல்லாந்தர் கொடியைக் கண்டார்கள். இங்கிருந்து மன்னாருக்கும் பிறகு கொழும்புக்கும் அனுப்பப்பட்டார்கள்.

நொக்ஸ் எழுதிய நூல் 1681 இல் லண்டனில் வெளியானது. 17 ஆம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்து மக்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி உழுதார்கள், எப்படிக் கலியாணம் முடித்தார்கள் என்று அறிய இன்றும் வரலாற்றாசிரியர்கள் அந்த நூலைத்தான் புரட்டுகிறார்கள். 1719 இல் வெளிவந்த ரொபின்சன் குரூசோ கதைக்கும் அது ஒரு தூண்டுதல் என்று பலர் கருதுகிறார்கள். பிள்ளைகளைக் கொத்தளத்தில் நிறுத்தி, ஆறு வரும் திசையைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் மறக்க மாட்டார்கள்.

■ இரண்டாவது இடம்: அல்லிராணிக் கோட்டை என்கிற டொறிக் மாளிகை

கோட்டையிலிருந்து தெற்கே, கடலை வலப்பக்கம் வைத்து இரண்டு மூன்று கிலோமீற்றர் நடந்தால், செம்மண் மேட்டின் விளிம்பில் உடைந்த செங்கல் சுவர்களும் பருத்த தூண்களின் எச்சங்களும் தெரியும். ஊரில் இதை அல்லிராணிக் கோட்டை என்போம். ஆங்கிலப் புத்தகங்களில் இதன் பெயர் டொறிக். டொறிக் என்பது பழைய கிரேக்கக் கட்டடக்கலையில் ஒருவகைத் தூணின் பெயர். அலங்காரம் குறைந்த, பருமனான தூண்.

இதைக் கட்டியவர் பிரெட்ரிக் நோர்த். 1798 முதல் 1805 வரை இலங்கையில் பிரித்தானியரின் முதலாவது ஆளுநர். கிரேக்கத்தின் மீது பெரும் மோகம் கொண்டவர், கிரேக்க மொழி கற்றவர், பிற்காலத்தில் கோர்பூ தீவில் ஒரு கல்விக்கூடத்தையே நிறுவியவர். 1801 அளவில் தொடங்கி இந்த மாளிகையைக் கட்டினார். வரைபடமும் அவருடையதே. தலைநகரம் கொழும்பு, ஆள வேண்டியதோ முழுக் கரையோரம். அப்படியிருக்க, ஆளுநர் எதற்காக இந்த வெறும் வெளியில் மாளிகை கட்டினார்? இதற்கும் முத்துதான் காரணம். ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பிடித்த கையோடு, 1796 முதல் அடுத்தடுத்து மூன்று வருடம் நடந்த முத்துக்குளிப்பு ஆங்கிலேயருக்கு எதிர்பாராத செல்வத்தைக் கொட்டியது. சலாபக் காலத்தில் நேரில் வந்து தங்கி மேற்பார்வை செய்ய ஆளுநருக்கு இருப்பிடம் தேவைப்பட்டது. மேல்தட்டில் நின்றால் படகுகள் போவதும் வருவதும் தெரியும்.

அந்தக் காலத்தில் இங்கு வந்த ஆங்கிலப் பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர் 1807 இல் வெளியிட்ட நூலில் இந்த வீட்டையும் முத்துக்குளிப்பையும் விபரமாக எழுதியிருக்கிறார். செங்கல்லால் கட்டி, சிப்பி சுட்ட சுண்ணாம்பால் பூசிய கட்டடம் இது. இன்று அந்தப் பூச்சு பெரும்பாலும் போய்விட்டது, செங்கல்தான் தெரிகிறது. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கடலிலிருந்து முத்தை எடுத்தார்கள். மிஞ்சிய சிப்பியைச் சுட்டு, முத்தைக் காவல் காக்கிற வீட்டுக்குப் பூசினார்கள். இப்போது அந்த வீட்டைக் கடல் திருப்பி எடுக்கிறது.

அல்லிராணி யார்? நாட்டார் கதையில் அல்லி மதுரையை ஆண்ட அரசி, ஆண்களை அடக்கி ஆண்டவள், அர்ச்சுனன் மணந்தவள். எமது பக்கத்துக் கதையில் அவளுடைய கோட்டை தெற்கே குதிரைமலையில் இருந்தது, இங்கிருந்து முத்தைக் கொடுத்து அரபிகளிடம் குதிரை வாங்கினாள், பிறகு கடல் கோட்டையை விழுங்கியது என்று சொல்வார்கள். அவளுக்கும் இந்தச் செங்கல் கட்டடத்துக்கும் தொடர்பில்லை. இது 200 வருடத்துக்குச் சற்று மேலான ஆங்கிலேயக் கட்டடம்.

அதற்காக அந்தப் பெயரைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஆங்கிலேயர் கைவிட்டுப் போன பின், யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்று தெரியாமல் ஒரு பெரிய கட்டடம் கரையில் நின்றது. ஊர் மக்கள் தமக்குத் தெரிந்த கதைக்குள் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். கதையில் வரும் முத்து, குதிரை, அரபிகள், கடல் விழுங்கிய வீடு எல்லாம் இந்தக் கரையின் உண்மையான அனுபவங்கள். அவற்றைக் கட்டடத்தின் வயதோடு போட்டுக் குழப்பக்கூடாது, அவ்வளவுதான். பரீட்சையில் எழுதும்போது நோர்த் என்று எழுதுங்கள். உம்மும்மாவிடம் கேட்கும்போது அல்லிராணி என்று கேளுங்கள்.

இங்கே கவனம் தேவை. மேட்டின் விளிம்பு மண் இறுக்கமில்லாதது, அடியில் அலை அரித்திருக்கும். பிள்ளைகளை விளிம்புக்கு விடாதீர்கள். சுவரில் ஏறிப் படம் எடுக்க வேண்டாம். செங்கல் ஒன்றைக்கூட எடுக்கக்கூடாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஆளுக்கொன்று எடுத்தால் கடலுக்கு வேலை மிச்சம்.

■ மூன்றாவது இடம்: சிலாவத்துறையும், கண்ணுக்குத் தெரியாத பட்டினமும்

டொறிக்கைத் தாண்டித் தெற்கே இன்னும் நடந்தால் சிலாவத்துறை. பெயரை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். சிலாபம், சலாபம் என்றால் தமிழில் முத்துக்குளிப்பு. சிலாபத்துறை என்றால் முத்துக்குளிக்கும் துறை. எமது ஊர்ப் பெயரே ஒரு வரலாற்று ஆவணம்.

இங்கே பார்ப்பதற்குத் தூணும் இல்லை, கோட்டையும் இல்லை. ஆனால் இந்த நடையில் மிக முக்கியமான இடம் இதுதான் என்பேன். சிலாவத்துறையிலும் கொண்டச்சிக் குடாவிலும் அதற்குத் தெற்கே மறிச்சுக்கட்டியிலும், முத்துக்குளிப்பு நடக்கும் வருடங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு பட்டினமே முளைக்கும். கிடுகும் கம்பும் கொண்டு தெருக்கள், கடைகள், நீதிமன்றம், வைத்தியசாலை, பொலிஸ், எல்லாம். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்கள், யாழ்ப்பாணத்தவர்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள், பம்பாயிலிருந்தும் மதராசிலிருந்தும் முத்து வியாபாரிகள், செட்டிமார். பட்டினம் கலைந்ததும் மணலும் சிப்பி ஓடும் மட்டும் மிஞ்சும்.

வேலை எப்படி நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் கடற்கரையிலேயே விளக்கலாம். நடுச்சாமத்துக்குப் பிறகு கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அந்தக் காற்றில் பாய் விரித்துப் படகுகள் புறப்படும். விடியும்போது பாரில் நிற்கும். வெடிச் சத்தம் கேட்டதும் குளிப்பு தொடங்கும். ஒவ்வொரு குளியாளுக்கும் ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைப்பை, மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள். கல்லில் கால் வைத்து இறங்கி, ஒரு நிமிடம் வரை மூச்சடக்கி, கைக்கு அகப்பட்ட சிப்பியை வாரிப் பையில் போட்டு, கயிற்றை இழுப்பார். மேலே இருப்பவர் தூக்கிவிடுவார். ஒரு நாளைக்கு இப்படி 40, 50 தரம். மத்தியானமானதும் காற்று திரும்பும். இப்போது கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று படகைத் தள்ளிக்கொண்டு வரும். கரைக்காற்று, கடற்காற்று என்று விஞ்ஞானப் பாடத்தில் படிப்பதை வைத்தே அந்தத் தொழில் முழுவதும் ஓடியது. மாசி, பங்குனி என்று முன்னே சொன்னேனே, அந்த அமைதிக் கடல்தான் சலாபக் காலமும்.

சுறாவைக் கட்டுவதற்கு மந்திரம் சொல்பவர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர்களுக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது. அதில் அதிகாரிகளுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கடல்கட்டி இல்லாமல் குளியாட்கள் பலர் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் கொடுத்தார்கள்.

கரைக்கு வந்த சிப்பியைக் கொட்டு என்னும் அடைப்புக்குள் குவித்து எண்ணுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மிச்சம் ஒரு பங்கு படகில் போனவர்களுக்கு. அரசாங்கப் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போகும். உள்ளே முத்து இருக்கிறதா என்று தெரியாமலே வாங்க வேண்டும். பிறகு சிப்பியை அழுக விட்டு, கழுவி, அடியில் தங்கும் முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றம் மைல் கணக்கில் வீசும் என்று வந்து பார்த்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்.

1905 இல் நடந்தது பதிவிலுள்ளவற்றுள் மிகப் பெரிய முத்துக்குளிப்புகளில் ஒன்று. ஏறத்தாழ 8 கோடி சிப்பி எடுக்கப்பட்டது. அரசாங்கத்துக்கு வந்தது 25 இலட்சம் ரூபாய் அளவில். அன்றைய 25 இலட்சம்! அடுத்த வருடமே பார்களை ஒரு லண்டன் கம்பனிக்கு, வருடத்துக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வீதம் 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907 க்குப் பிறகு பாரில் எடுப்பதற்குச் சிப்பி இல்லை. சில வருடங்களில் கம்பனி கைவிட்டுப் போனது. சிப்பி சில வருடம் பெருகுவதும் பல வருடம் காணாமல் போவதும் இந்தக் கடலுக்குப் புதிதல்ல. 1837 முதல் 1854 வரையும் இப்படித்தான் வெறுமையாகக் கிடந்தது. ஆனால் 1903 இலிருந்து 1907 வரை ஒரு வருடமும் விடாமல் அள்ளியதும் கணக்கில் சேர வேண்டும். பிறகு யப்பானிய வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது. கடலடியில் மூச்சடக்கி எடுக்கும் முத்துக்கு இருந்த மவுசு குறைந்தது. 1925 இலும் 1958 இலும் சிறிதாக நடந்ததோடு முடிந்தது.

1906 இல் மறிச்சுக்கட்டி முகாமில் வேலை பார்த்த இளம் அதிகாரி ஒருவர் பின்னாளில் பெரிய எழுத்தாளரானார். லெனாட் வூல்ப். வயதான பிறகு எழுதிய தன்வரலாற்று நூலில், குளிக்கும்போது இறந்துபோன ஓர் அரபியை அவருடைய தோழர்கள் கரைக்குக் கொண்டுவந்து விடைகொடுத்த விதத்தை எழுதியிருக்கிறார். 50 வருடம் கழிந்தும் அது அவர் மனதை விட்டுப் போகவில்லை. இறந்தவரின் பெயர் அதில் இல்லை.

இதைத்தான் சிலாவத்துறைக் கரையில் நின்று யோசிக்கச் சொல்கிறேன். எத்தனை சிப்பி, எத்தனை ரூபாய் என்று கடைசி இலக்கம் வரை கணக்கு இருக்கிறது. கட்டிடம் கட்டிய ஆளுநரின் பெயர் இருக்கிறது. தப்பி வந்த கைதியின் பெயர், திகதி, நேரம் எல்லாம் இருக்கிறது. கடலில் இறங்கியவர்களின் பெயர் இல்லை. இந்த மணலில் அடக்கப்பட்டவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு பாத்திஹா ஓதிவிட்டு நடையைத் தொடரலாம்.

■ முத்தும் எமது சமூகமும்

1344 இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வரும்போது காற்றில் அள்ளுண்டு இலங்கைக் கரையில் இறங்கினார். அவர் பத்தாலா என்று எழுதிய அந்த இடத்தைப் புத்தளம் என்று பெரும்பாலோர் கொள்வர். ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக்களைக் காட்டினான். பாவாதமலைக்குப் போக வழித்துணையும் கொடுத்தனுப்பினான். ஒரு தமிழ் மன்னனும் மொரோக்கோ நாட்டு முஸ்லிம் பயணியும் முத்தை நடுவில் வைத்துப் பேசிக்கொண்ட காட்சி, இந்தக் கடல் எப்படிப்பட்ட கடல் என்பதைச் சொல்லிவிடுகிறது. யாரும் தனியே சொந்தம் கொண்டாடிய கரை அல்ல இது. குளித்தவர்களில் முஸ்லிமும் கத்தோலிக்கரும் இந்துவும் இருந்தார்கள். ஒருவர் மூச்சு மற்றவர் பிடித்த கயிற்றில் இருந்தது.

1990 ஒக்டோபரில் நாம் இந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்டோம். விடுதலைப் புலிகள் விதித்த கெடு, கையில் எடுத்த ஒரு பை, கடலாலும் காட்டாலும் புத்தளத்துக்கு வந்த கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. வடக்கு முழுவதிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த ஒரு மாதத்தில் வெளியேறினார்கள். 2002 க்குப் பிறகு சிலரும் 2009 க்குப் பிறகு பலரும் திரும்பி வந்தோம். இடையில் கிட்டத்தட்ட ஒரு தலைமுறை புத்தளத்தில் பிறந்து வளர்ந்துவிட்டது. அவர்களுக்கு இது வாப்பாவின் ஊர், தங்கள் ஊரல்ல. அவர்களை நான் குறை சொல்லவில்லை. காலால் நடக்காத இடம் யாருக்கும் ஊராகாது.

திரும்பி வந்தபோது வளவுகளில் காடு வளர்ந்திருந்தது. காட்டை அழித்துக் குடியேறுகிறார்கள் என்ற பேச்சும் எழுந்தது. இது பற்றி உணர்ச்சிவசப்பட்டு எழுதுவோர் நிறைய. ஒரு வரலாற்று ஆசிரியனாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1906 இல் மறிச்சுக்கட்டியில் பட்டினம் இருந்தது என்று பழைய புத்தகத்தைக் காட்டினால் மட்டும் எமது ஊரை நிரூபித்ததாகாது. அது தற்காலிக முகாம். வந்தவர்கள் போய்விட்டார்கள். ஊரை நிரூபிப்பது வேறு. காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, பாடசாலை வரவுப் பதிவு, பள்ளிவாசல் நிர்வாகக் கொப்பி, மையவாடி, குளத்தின் பெயர், அந்தக் குளத்துக்குக் கீழே யார் யார் வயல் செய்தார்கள் என்ற விபரம். காடு எமக்கும் வேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. எது காடு, எது காடேறிய ஊர் என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு எமக்கு இருக்கிறது. சத்தம் போட்டு அதைச் செய்ய முடியாது. பதிவு வேண்டும்.

அந்தப் பதிவில் பாதி இன்னும் கடதாசியில் இல்லை. 1990 இல் 40 வயதில் இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கொண்டச்சிக்கும் கரடிக்குளிக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு வெட்டைக்கும், ஒவ்வொரு முறிப்புக்கும், ஒவ்வொரு கிணற்றுக்கும் பெயர் தெரிந்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் பத்துப் பெயர் அடக்கமாகிறது. டொறிக் இடிவது கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுத்துப் போடுகிறோம். இது இடிவது தெரிவதில்லை.

■ ஆகவே, நடப்போம்

இந்த நடைக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு குடும்பம், அல்லது இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து போகலாம். பாடசாலைகள் தரம் 8, 9 பிள்ளைகளை அழைத்துப் போகலாம். வரலாறு, விஞ்ஞானம், புவியியல் மூன்றுக்கும் பாடம் அந்தக் கரையில் இருக்கிறது. அரிப்புப் பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து நடந்தால் இன்னும் நல்லது. கோட்டையின் கதையை அவர்கள் சொல்லட்டும், சிலாவத்துறையின் கதையை எமது பிள்ளைகள் சொல்லட்டும்.

சில சின்ன விடயங்கள்:

• கடற்படைக் காவலரண் உள்ள இடங்களில் கேட்டுவிட்டுப் போங்கள். மீன் வாடிகளுக்கு ஊடாகப் போனால் ஸலாமோ வணக்கமோ சொல்லிவிட்டுப் போங்கள், வலையை மிதிக்க வேண்டாம்.

• பொழுதுபட்ட பிறகு பற்றைக்காட்டுப் பக்கம் போக வேண்டாம்.

• பிளாஸ்டிக் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். 200 வருடத்துக்குப் பிறகு நடக்கிறவனுக்குச் சிப்பி ஓட்டை மிச்சம் வைப்போம்.

• டொறிக்கை ஒரே இடத்தில் நின்று வருடா வருடம் படம் எடுத்து, திகதி போட்டு வையுங்கள். கடல் எவ்வளவு ஏறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. கரையரிப்பைத் தடுக்கக் கேட்டு எழுதும்போது அந்தப் படங்கள் எந்த வார்த்தையையும் விடப் பலமானவை.

• முடியுமானால் 70 வயது தாண்டிய ஒருவரை ஓட்டோவில் சிலாவத்துறைக்குக் கூட்டி வாருங்கள். பிள்ளையிடம் கொப்பியும் பேனையும் கொடுத்து அவர் பக்கத்தில் இருத்துங்கள். இந்தப் பக்கம் என்ன பெயர், அந்த மரத்தடிக்கு என்ன பெயர், யாருடைய வாடி எங்கே இருந்தது என்று பிள்ளையே கேட்கட்டும். அவர் சொல்லும் சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதட்டும், திகதியையும் சொன்னவர் யார் என்பதையும் கீழே குறிக்கட்டும். அந்தக் கொப்பியைப் பள்ளிவாசலில் ஒரு பிரதி, பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி வைப்போம்.

இந்த மாதம் கடல் அமைதியாக இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு போக விரும்புபவர்கள் கீழே சொல்லுங்கள், சேர்ந்து போவோம். வர முடியாத மூத்தவர்கள், உங்களுக்குத் தெரிந்த இடப்பெயர் ஒன்றையாவது பிள்ளைகளிடம் சொல்லி இங்கே எழுதச் சொல்லுங்கள். ஒரு பெயர் போதும். அதிலிருந்து தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.